வெங்காயப் பயிருக்குக் கந்தக எரு

சின்ன வெங்காயம் பயிரிடும் குடியானவருக்கு அக்காய் இருவகையில் பொருளாகின்றது. சந்தையில் விற்றுப் பணமாவது ஒரு வகை. அடுத்த பட்டத்திற்கு விதையாவது மற்றொரு வகை. விதையிட்டுப் பயிராகும் கோ 5 போன்ற ரகங்கள் சில இருப்பினும், பெரும்பாலோர் காயையே ஊன்றுகின்றனர். ஹெக்டேருக்கு 1,000 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 400 கிலோ விதைக்காய் வேண்டுமென்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு.

ஒரு குடியானவர் அடுத்த பட்டத்திற்கென 600 கிலோ காயைப் பட்டறையில் வைத்ததாகக் கொள்ளலாம். அதில் மூன்றிலொரு பங்கு கெட்டாலும் 400 கிலோ மிஞ்சும். ஒரு ஏக்கர் நடலாம். பாதி கெட்டுவிட்டால் மிஞ்சுவது 300 கிலோவே. முக்கால் ஏக்கருக்கு மேல் நட வழியில்லை. மீதிக்கு விதை வேண்டுமாயின் விலை ஏறியிருக்கும் காலத்தில் கடன்பட்டு வாங்க வேண்டும். காய் கெட்டுவிடுமென்ற அச்சத்தினால் அறுவடையான வாரத்திலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவோரும் அநேகர். இவ்விரண்டு நஷ்டங்களும் இறுதியில் சங்கத்துக் கடன் கணக்கிலேயே வந்து சேர்கின்றன.

பட்டறையில் அழுகும் காய்க்குக் காரணம் பட்டறையிலேயே தோன்றுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. மற்றப் பாதி வயலில், காய் ஊன்றுமுன்பு இடும் எருவிலேயே தொடங்கிவிடுகிறது. அவ்வெருவில் அடிக்கடி மறக்கப்படும் சத்து கந்தகம். அது வெங்காயத்தின் வளர்ச்சிக்கு எவ்வாறு உதவுகிறது, வைப்புக் குணத்திற்கு எவ்வளவு உதவுகிறது, எங்கே உதவாது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கள்ளக்குறிச்சி வட்டார நிலை

பழைய தென்னாற்காட்டுச் சீமையைச் சேர்ந்திருந்து, 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துள் அமைந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிப் பிரதேசத்தை மேட்டு நிலம், கீழ் நிலம் என இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். மேற்கே கல்வராயன் மலை. அதன் அடிவாரத்திலிருந்து கிழக்கே கோமுகி, மணிமுத்தா ஆறுகள் பாயும் சமவெளி. சமவெளியில் நெல், கரும்பு, மரவள்ளி, மக்காச்சோளம் முதலியன பெரும் பயிர்கள். கிணற்றுப் பாசனமும் வடிகால் வசதியும் உள்ள செம்மண் நிலங்கள் சின்ன வெங்காயத்திற்கும் ஏற்றவை. தெற்கே பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்றது. ஆகவே இப்பயிர் இப்பகுதியாருக்குப் புதியதன்று.

வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. மேல் மண்ணில் ஒரு முழத்திற்குள்ளேயே அதன் ஊணெல்லாம் அடங்கும். பயிர் 70 முதல் 90 நாட்களுக்குள் முடிந்துவிடும். ஆழம் குறைந்த வேரும் குறுகிய வாழ்வும் உடைய பயிருக்கு வேண்டிய சத்து வேண்டிய காலத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். பின்னர் ஈடு செய்யலாமென்று காத்திருக்க அதற்கு நாளில்லை.

கந்தகம் பயிரினுள் செய்யும் வேலை

கடையில் விற்கும் மஞ்சள் கந்தகத்தைப் பயிர் அப்படியே உண்பதில்லை. நீரில் கரைந்த சல்பேட் என்னும் உப்புருவிலேயே வேர் அதனை உறிஞ்சுகிறது. உள்ளே சென்ற கந்தகம் சிஸ்டீன், மெதியோனின் என்னும் பொருள்களாகிறது. இவ்விரண்டும் இன்றிப் பயிரின் உடலுக்கு வேண்டிய புரதங்கள் உருவாவதில்லை. தழைச்சத்து எவ்வளவு இட்டாலும், கந்தகம் போதாவிடில் அச்சத்து முழுதும் புரதமாக மாறாது. சுவர் எழுப்பச் செங்கல் குவிந்திருந்தும் சுண்ணாம்பு இல்லாத நிலைமைக்கு அதனை ஒப்பிடலாம்.

எல்லாப் பயிருக்கும் கந்தகத்தால் ஆகும் பொதுவான வேலை இது. வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் கந்தகத்திற்குத் தனி வேலை ஒன்றும் உண்டு. வெங்காயச் செதிலின் ஒவ்வொரு நுண்ணறையிலும் கந்தகம் சேர்ந்த மணமற்ற பொருள் ஓர் இடத்திலும், அல்லினேஸ் என்னும் நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. அரிவாள்மணையில் காயை அரிந்தவுடன் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போதுதான் நெடியும் காரமும் எழுகின்றன. 1945-ல் ரசாயனத்திற்கான நோபெல் பரிசு பெற்ற பின்லாந்து தேசத்து விஞ்ஞானி விர்த்தானென், 1960-களில் இப்பொருள்களை ஆராய்ந்தார். கண்ணீர் வரவழைக்கும் ஆவி உண்டாவதற்கு வேறொரு நொதியும் வேண்டுமென்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2002-ல் வெளியிட்டனர்.

இதிலிருந்து குடியானவர் அறியவேண்டியது ஒன்று: வெங்காயத்தின் காரம் மண்ணிலுள்ள கந்தகத்திலிருந்து வருவது. ரகத்திற்கு ரகம் காரம் மாறுபடுமாயினும், ஒரே ரகத்தைக் கந்தகம் குறைந்த நிலத்தில் நட்டால் காரம் குறையும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து விடாலியாப் பகுதி இதற்குப் பெயர் பெற்ற சான்று. அங்குள்ள மணற்பாங்கான மண்ணில் கந்தகம் குறைவு. அதில் விளையும் வெங்காயம் பச்சையாகக் கடித்துத் தின்னும் அளவுக்கு இனிப்பானது. அப்பெயரை வேறிடத்துக் காய்க்கு இடலாகாதென அம்மாகாணம் 1986-ல் சட்டமே செய்தது. ஆனால் அக்காய் சாதாரணமாக நெடுநாள் நில்லாது. வைத்து விற்க விரும்புவோர் குளிரும் காற்றும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்குகளைத் தேடுகின்றனர். அவ்வகைக் காயில் இயல்பாகவே நீர் மிகுதி என்பதும் இதற்கு ஒரு காரணம். சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் வாங்கும் தமிழ்நாட்டுச் சந்தை காரத்தையும் கெட்டித்தன்மையையும் விரும்புவது. ஆகவே இங்குள்ள குடியானவருக்குக் கந்தகக் குறைவினால் லாபமொன்றுமில்லை.

முன்னாளில் கேளாமலே கிடைத்த சத்து

பெரியோர் காலத்தில் கந்தகத்தைப் பற்றி யாரும் பேசாதிருந்ததற்குக் காரணம் உண்டு. தொழுவுரமும் தழையும் ஏராளமாக இடப்பட்டன. அவற்றில் கந்தகம் இருந்தது. ரசாயன எருக்கள் வந்த பின்னும் முதலில் பரவியவை கந்தகமுள்ளவையே. இந்தியாவில் சூப்பர் பாஸ்பேட் உற்பத்தி 1906-ல் இராணிப்பேட்டையில் தொடங்கியது. 1947-ல் ஆலுவாயில் அம்மோனியம் சல்பேட் தயாரிக்கும் ஆலை வேலை செய்யத் தொடங்கியது. மணிச்சத்துக்காகச் சூப்பரும் தழைச்சத்துக்காக அம்மோனியம் சல்பேட்டும் வாங்கிய குடியானவர், அறியாமலே கந்தகத்தையும் தம் நிலத்தில் இட்டுவந்தார்.

பின்னர் யூரியாவும் டி.ஏ.பி.யும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. சத்துச் செறிந்தமையால் மூட்டை குறைவு, வண்டிக்கூலி குறைவு, இடுவதும் எளிது. ஆனால் யூரியாவில் கந்தகம் இல்லை, டி.ஏ.பி.யிலும் இல்லை எனலாம். மாடு குறைந்து தொழுவுரமும் குறைந்தது. கரும்புச் சோகையையும் மற்றத் தட்டைகளையும் வயலிலேயே கொளுத்தும் வழக்கம் பரவியது. கொளுத்தும்போது அவற்றிலிருந்த கந்தகத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. விளைச்சல் கூடக்கூட நிலத்திலிருந்து வெளியேறும் கந்தகம் பெருகிற்று. உள்ளே வருவது சுருங்கிற்று. கணக்கில் வரவின்றிச் செலவு மட்டும் எழுதிவந்தால் கையிருப்பு என்னவாகும் என்பதைச் சங்கத்து அங்கத்தினருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

குறைவை அறியும் வழி

பயிரைப் பார்த்து ஓரளவு அறியலாம். தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்த வெளி இலைகள் முதலில் மஞ்சளாகும். ஏனெனில் பயிர் பழைய இலையிலிருந்து அச்சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். கந்தகத்தை அவ்வாறு எளிதில் இடம் மாற்றப் பயிரால் இயலாது. எனவே கந்தகம் குறைந்தால் குருத்தும் இளம் இலைகளும் முதலில் வெளிறும். இலை மெலிந்து, காய் சிறுத்து, முதிர்ச்சி தாமதிக்கும். கந்தகக் குறை குருத்தில் தெரியும். தழைச்சத்துக் குறை முதிர்ந்த இலையில் தெரியும். இதனை நினைவில் வைத்தால், வெளிறிய பயிரைக் கண்டவுடன் மீண்டும் மீண்டும் யூரியா தூவும் பிழை நேராது.

எனினும் இலையைப் பார்த்து அறிவது பயிர் நோயுற்ற பின் அறிவதாகும். மண் பரிசோதனையே முன்னறியும் வழி. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பரிசோதிக்கப்படும் 12 இனங்களுள் கந்தகமும் ஒன்று. சாதாரணப் பரிசோதனையில் பத்து லட்சம் பங்கு மண்ணில் 10 பங்குக்குக் குறைவாகக் கிடைக்கக்கூடிய கந்தகம் இருந்தால் அந்நிலம் கந்தகக் குறைவுடையதாகக் கருதப்படும்.

மண் எடுக்கும் முறையும் முக்கியமானது. வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலின் 10 அல்லது 15 இடங்களில் மேலிருந்து ஒரு சாண் ஆழத்திற்குள் குழி வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோ அளவாக்கி நிழலில் உலர்த்தி அனுப்பலாம். கிணற்று நீரையும் பரிசோதிப்பது நலம். சில கிணறுகளின் நீரிலேயே சல்பேட் மிகுந்திருப்பதுண்டு; அந்நீர் பாயும் வயலுக்குத் தனியே கந்தகம் வேண்டியிராது.

எந்த எரு, எவ்வளவு

வெங்காயம், பூண்டு ஆகியவற்றுக்கெனப் புனே அருகே ராஜகுருநகரில் இயங்கும் மத்திய ஆராய்ச்சி நிலையம், நிலத்தில் ஹெக்டேருக்கு 25 கிலோவுக்கு மேல் கந்தகம் இருந்தால் 15 கிலோ இட்டாற் போதும் என்றும், அதற்குக் குறைந்தால் 30 கிலோ இட வேண்டும் என்றும் கூறுகிறது. ஏக்கர்க் கணக்கில் முறையே 6 கிலோ, 12 கிலோ. இது கந்தகச் சத்தின் எடை. எரு மூட்டையின் எடையன்று. ஒவ்வொரு எருவிலும் கந்தகம் எவ்வளவு என்பதை அறிந்தே மூட்டைக் கணக்கு இட வேண்டும்.

நூறு கிலோவில் அடங்கிய கந்தகம் பின்வருமாறு: சூப்பர் பாஸ்பேட் 11 கிலோ, அம்மோனியம் சல்பேட் ஏறக்குறைய 24 கிலோ, பொட்டாசியம் சல்பேட் ஏறக்குறைய 18 கிலோ, விவசாய ஜிப்சம் தரத்திற்கேற்ப 13 முதல் 18 கிலோ. மூட்டையின்மேல் 20-20-0-13 என நான்கு எண்கள் அச்சிட்ட கலப்பு எருவில் நான்காவது எண் கந்தகத்தைக் குறிக்கும். மூன்று எண்களை மட்டும் பார்த்து வாங்கும் வழக்கமுள்ளவர் நான்காவதையும் பார்க்கப் பழகுதல் நன்று.

சின்ன வெங்காயத்திற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் பொது அளவு, ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரத்துடன் அடியுரமாகத் தழைச்சத்து 30, மணிச்சத்து 60, சாம்பல் சத்து 30 கிலோ. பின் 30-ஆம் நாளில் மேலுரமாகத் தழைச்சத்து 30 கிலோ. இதை ஏக்கருக்கு மாற்றினால் மணிச்சத்து 24 கிலோவாகும். இந்த 24 கிலோவை எந்த எருவால் கொடுப்பது என்பதிலேயே கந்தகக் கணக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

டி.ஏ.பி.யால் கொடுத்தால் 52 கிலோ போதும். கிடைக்கும் கந்தகம் ஒன்றுமில்லை. சூப்பர் பாஸ்பேட்டால் கொடுத்தால் 150 கிலோ, அதாவது மூன்று மூட்டை வேண்டும். அதனுடன் 16 கிலோ கந்தகமும் வந்துவிடும். குறைவுள்ள நிலத்திற்கு வேண்டிய 12 கிலோவும் அதிலேயே அடங்கிவிடுவதால் வேறு கந்தக எரு எதையும் தனியே வாங்க வேண்டியதில்லை. டி.ஏ.பி.யே கைவசம் இருப்பின், 15 பங்கு கந்தகமுள்ள ஜிப்சம் 80 கிலோவைக் கடைசி உழவில் தூவி மண்ணில் கலந்துவிடலாம். சூப்பரும் இட்டு, ஜிப்சமும் இட்டு, அம்மோனியம் சல்பேட்டும் இடுவது பணவிரயம். கூடுதல் கந்தகத்தால் கூடுதல் விளைச்சல் வருவதில்லை.

மஞ்சள் கந்தகத் தூளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சல்பேட்டாக மாற்றிய பிறகே வேர் உறிஞ்சும். அதற்கு வாரக்கணக்கில் நாளாகும். எழுபது, எண்பது நாட் பயிருக்கு நடவன்று அதனை இட்டால், சத்து தயாராகும்போது பயிர் பாதி வயதைக் கடந்திருக்கும். இட விரும்பினால் மூன்று நான்கு வாரம் முன்னதாகவே ஈரமண்ணில் இட வேண்டும். அன்றியும் அது மண்ணின் புளிப்பைக் கூட்டும். சுண்ணாம்பு மிகுந்த களர்ப்பாங்கான நிலத்திற்கு அது நன்மை, புளிப்பு நிலத்திற்குத் தீமை. சாம்பல் நோய்க்கும் சிலந்திப் பூச்சிக்கும் தெளிக்கும் நனையும் கந்தகம் மருந்தேயாகும். அது எருவின் வேலையைச் செய்யாது.

இவ்வட்டாரத்தில் கிடைக்கும் மற்றொரு பொருள் கரும்பாலைக் கசடு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கந்தகப் புகை செலுத்திச் சாற்றைத் தெளிவிக்கும் முறையில் வரும் கசட்டில் கந்தகமும் மக்கும் பொருளும் இருக்கும். புதிதாக இடாமல் நன்றாக மக்கவைத்து இடுவது நலம். சத்தின் அளவு ஒரே சீராக இராதாகையால், பரிசோதித்த பின்னரே அதனைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலைமேல் நிலங்கள்

கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி நீங்கி அரசின் நேர் நிர்வாகம் வந்தது 1976-ல். அங்குள்ள மலையாளி மக்கள் சாமை முதலிய சிறுதானியங்களையும் மரவள்ளியையும் சரிவு நிலங்களில் பயிரிட்டு வருபவர்கள். வெங்காயம் வைக்க விரும்பும் மலைக்குடியானவர் சமவெளியின் எருக் கணக்கை அப்படியே பின்பற்றலாகாது.

மண்ணிலுள்ள கந்தகத்தில் பெரும்பகுதி மக்கிய இலைதழையிலேயே தங்கியிருப்பது. மரமும் புதரும் மூடிய நிலத்தில் அது இருப்பிலுள்ள பணம் போன்றது. சரிவில் மழைநீர் ஓடி மேல்மண் அரித்துச் செல்லுமிடத்தில் அவ்விருப்பும் உடன் செல்கிறது. சல்பேட் நீரில் எளிதில் கரைவதால், பெருமழையில் வேருக்குக் கீழும் இறங்கிவிடும். ஆகையால் மலைநிலத்தில் முதல் வேலை வரப்பும் கல்லணைப்பும் இட்டு மண்ணைக் காத்தல். இரண்டாவது, தழையும் தொழுவுரமும் இட்டு, ஆடு கிடை கட்டுதல். மூன்றாவதே ரசாயன எரு. மண் புளிப்பாயிருப்பின் மஞ்சள் கந்தகமும் அம்மோனியம் சல்பேட்டும் தவிர்க்கத்தக்கவை. ஜிப்சம் அல்லது சூப்பர் பாஸ்பேட் ஏற்றது. பெருமழை எதிர்பார்க்கும் நாளில் அவற்றையும் இடலாகாது.

வைப்புக் குணத்தில் கந்தகத்தின் பங்கு

வைத்த வெங்காயம் மூன்று வழியில் குறைகிறது: நீர் வற்றி எடை குறைதல், முளைத்தல், அழுகுதல். கந்தகக் குறைவுள்ள நிலத்தில் கந்தகம் இட்டபோது காய் பருத்து, உலர்பொருள் கூடி, காரம் மிகுந்ததென்று பல இடத்து ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. உலர்பொருளும் காரமும் மிகுந்த காய் பொதுவாக நீர்த்த காயைவிட நெடுநாள் நிற்கும். ஆயினும் கந்தகம் இட்ட காய் எல்லா ஆராய்ச்சிகளிலும் குறைவாகவே கெட்டது என்று சொல்ல இயலாது. சிலவற்றில் நஷ்டம் குறைந்தது. வேறு சிலவற்றில் வித்தியாசம் காணப்படவில்லை. நிலத்தில் முன்பே போதிய கந்தகம் இருந்தால் மேலும் இடுவதால் வைப்புக் குணம் உயராது என்பது எளிதில் விளங்கும்.

காயைக் காப்பது கந்தகம் மட்டுமன்று. உலர்ந்த செந்நிற மேல்தோலும் ஒரு காப்பு. நிறமுள்ள தோலில் கறும்புள்ளி நோய்க் காளானைத் தடுக்கும் பொருள் உண்டென்பதை அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1929-ல் கண்டறிந்தனர். தோல் உரிந்த காயும் கழுத்து தடித்த காயும் முதலில் கெடுவது அனுபவத்தில் காணக்கூடியது. கழுத்துத் தடிப்பதற்குப் பெருங்காரணம் தழைச்சத்தைப் பிந்தி இடுவதும், அறுவடை வரை நீர் பாய்ச்சுவதும். காய் பருக்கட்டும் என்று கடைசி வாரங்களில் யூரியா தூவுபவர், கந்தகத்தால் பெற்ற நன்மையைத் தாமே அழித்துக்கொள்பவராவர்.

அறுவடையும் பட்டறையும்

தாள்களில் பாதிக்கு மேல் தாமாகச் சாய்ந்ததும் அறுவடைப் பருவம். அதற்குச் சுமார் 10 நாள் முன்னரே பாசனத்தை நிறுத்த வேண்டும். பிடுங்கிய காயைக் குவியலாகப் போடாமல், ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி அடுக்கி, மூன்று முதல் ஐந்து நாள் வயலில் வாடவிட வேண்டும். நேர்வெயில் காயில் படலாகாது. பின்னர் ஒரு விரற்கடைக் கழுத்தை விட்டுத் தாளை அரிந்து, 10 முதல் 15 நாள் நிழலில் உலர்த்த வேண்டும். கழுத்து சுருங்கி மூடிக்கொண்டதா என்பதே உலர்ந்ததற்கு அடையாளம். திறந்த கழுத்து நோய்க்குத் திறந்த கதவாகும்.

பட்டறைக்குப் போகுமுன் அடிபட்டவை, இரட்டைக் காய், கழுத்து தடித்தவை, தோல் உரிந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி உடனே விற்றுவிட வேண்டும். பட்டறையின் தளம் தரையிலிருந்து உயர்ந்து, அடியிலும் பக்கத்திலும் காற்று நுழையும் மூங்கில் தட்டியாலோ சட்டத்தாலோ அமைந்திருத்தல் அவசியம். மேலே கீற்றுக்கூரை வெயிலையும் மழையையும் தடுக்க வேண்டும். வெப்பம் 25 முதல் 30 டிகிரி, காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 முதல் 70 என்னும் நிலை சாதாரணக் காற்றோட்டப் பட்டறைக்கு உகந்தது. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தால் கரும்பூசணம் பரவும். குவியல் உயர உயர நடுவிலுள்ள காய்க்குக் காற்று குறையும். வாரம் ஒருமுறை பார்த்து, கெட்ட காயை உடனுக்குடன் எடுத்தல் நன்று.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவர் ஜிப்சம் 80 கிலோ வாங்கப் போனால் வண்டிக்கூலி விலையை மிஞ்சும். பத்துப் பேருக்குச் சங்கம் சேர்த்து வரவழைத்தால் கூலி பத்திலொரு பங்காகும். பட்டம் தொடங்குமுன்பே அங்கத்தினரின் தேவையைக் கேட்டுச் சூப்பர் பாஸ்பேட்டையோ ஜிப்சத்தையோ இருப்பு வைக்கலாம். மண் மாதிரிகளை ஒருங்கே அனுப்பி, வந்த அட்டைகளைக் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். அட்டையை எரவாணத்தில் செருகி வைப்பதால் யாதொரு பயனுமில்லை.

இவை எல்லாவற்றிலும் மேலானது சங்கமே ஒரு சோதனை நடத்துதல். ஒரே அங்கத்தினரின் ஒரே வயலில் ஐந்து ஐந்து சென்டாக இரு பாத்திகள் ஒதுக்கலாம். இரண்டிலும் ஒரே விதை, ஒரே நடவுநாள், ஒரே நீர், ஒரே அளவு டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ். ஒன்றில் மட்டும் 4 கிலோ ஜிப்சம். சூப்பர் பாஸ்பேட்டை இரண்டிலும் இடலாகாது. இட்டால் இரண்டிலும் கந்தகம் சேர்ந்து சோதனை பொய்த்துவிடும். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே நிறுத்தெழுதி, ஒவ்வொன்றிலும் 50 கிலோவை வலைப்பையில் இட்டு ஒரே பட்டறையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பதினைந்து நாளைக்கொருமுறை நிறுத்து, முளைத்தது எவ்வளவு, அழுகியது எவ்வளவு என்று மூன்று மாதம் குறித்துவர வேண்டும். வித்தியாசம் தென்பட்டால் ஊரார் தாமே நம்புவர். தென்படாவிட்டால் வீண் செலவு மிச்சம். இரண்டு முடிவும் சங்கத்திற்கு லாபமே.

பாடச் சுருக்கம்

1. கந்தகம் வெங்காயத்தின் புரதத்திற்கும் காரத்திற்கும் ஆதாரம். குறைவு குருத்தில் வெளிறலாகத் தெரியும்.

2. யூரியாவும் டி.ஏ.பி.யும் மட்டும் இடும் நிலத்தில் கந்தகக் குறைவு நேரக்கூடும். மண் பரிசோதனையே நிச்சயம்.

3. குறைவுள்ள ஏக்கருக்கு 12 கிலோ கந்தகம் போதும். மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டால் கொடுப்பவருக்கு அது தனிச்செலவின்றிக் கிடைக்கும்.

4. மலைநிலத்தில் மண் காப்பும் தழையெருவும் முதலில். புளிப்பு மண்ணில் மஞ்சள் கந்தகம் வேண்டாம்.

5. நல்ல காயை உண்டாக்கக் கந்தகம் உதவும். அக்காயைக் காப்பாற்றுவது, தழைச்சத்தைக் காலத்தில் நிறுத்துதல், நீரை நிறுத்துதல், உலர்த்துதல், காற்றோட்டமுள்ள பட்டறை என்னும் நான்குமே.

6. பட்டறையில் மிஞ்சும் ஒவ்வொரு கிலோவும் அடுத்த பட்டத்து விதை. கடன் வாங்காமல் நடும் விதையே குடியானவருக்கு மலிவான விதை.